முதுமையை அளந்த வினாக்கள்: புற்றுநோய் மருத்துவத்தில் தளர்ச்சி மதிப்பீட்டின் வரலாறு

புற்றுநோய் கண்டறியப்பட்ட எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் கீமோதெரபியைத் தாங்குவாரா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? அவர் வயதையா, மருத்துவர் கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்தையா, அன்றாடம் அவர் செய்துவரும் செயல்களையா? முக்கால் நூற்றாண்டாக மருத்துவம் இம்மூன்று விடைகளுக்கும் இடையே நகர்ந்து வந்திருக்கிறது. அந்நகர்வை, நோயாளியிடம் கேட்கப்பட்ட வினாக்களின் வரலாறாகவும் வாசிக்கலாம்.

அமெரிக்க மருத்துவர் டேவிட் கர்னாஃப்ஸ்கியும் அவருடன் பணியாற்றியோரும் நைட்ரஜன் மஸ்டர்டு மருந்தின் பயனை ஆராய்ந்து 1948இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கட்டி சுருங்கியதா என்பதோடு, நோயாளியால் என்ன செய்ய இயல்கிறது என்பதையும் பதிவுசெய்ய அவர்கள் விரும்பினர். அதற்கென அமைந்த அளவுகோலில் 100 என்பது முழுநலம்; 0 என்பது இறப்பு. 70 பெறுபவர் தம்மைத் தாமே பேணிக்கொள்வார். ஆயினும் வழக்கமான பணிகளைச் செய்ய இயலாதவர். எண்ணாகத் தோன்றினாலும் ஒவ்வொரு படியும் ஒரு வாக்கியமே. அவ்வாக்கியங்களுள் நோயாளிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தவர் மருத்துவர். 1982இல் வெளியான ஈகாக் அளவுகோல் படிகளை 0 முதல் 5 வரை எனச் சுருக்கியது. மதிப்பிடும் கண் மாறவில்லை.

இதற்கு இணையாக வேறொரு மரபும் வளர்ந்தது. லண்டன் புறநகரின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன், 1935 முதல், இனித் தேறமாட்டார்கள் என்று படுக்கையிலேயே விடப்பட்ட முதியோரை ஒவ்வொருவராக ஆராய்ந்தார். முறையான பயிற்சிக்குப் பின் பலர் எழுந்து நடந்தனர், வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் இத்தகைய முயற்சிகளிலிருந்து உருவானது. குளித்தல், உடுத்தல், உண்ணல் ஆகியவற்றை 1963இல் கேட்ஸ் குழுவினர் அளவாக்கினர். சமைத்தல், கடைக்குச் செல்லுதல், பணத்தைக் கையாளுதல் ஆகியவற்றை 1969இல் லாட்டனும் பிராடியும் சேர்த்தனர். 2001இல் லிண்டா ஃபிரீட் குழுவினர் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: தானாக எடை குறைதல், சோர்வு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மந்தமாதல், உடலியக்கம் குறைதல். இவற்றுள் மூன்று இருப்பின் அது தளர்ச்சி.

இவ்விரு மரபுகளும் நெருங்கி வர வேண்டிய தேவையை 1999இல் வெளியான ஓர் ஆய்வு உணர்த்தியது. அமெரிக்கப் புற்றுநோயாளிகளில் 63 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்தோர். அவ்வாய்வு கணக்கெடுத்த மருந்துச் சோதனைகளில் அவர்கள் பங்கு 25 விழுக்காடு மட்டுமே. இளையோர் உடலில் தேர்ந்த அளவுகளே முதியோருக்கும் சென்றன. விளைவு இருவகைத் தீங்கு: திடமான முதியவருக்கு வயதைக் காட்டிச் சிகிச்சை மறுக்கப்பட்டது, தளர்ந்தவருக்கு முழு அளவு மருந்து ஏற்றப்பட்டது.

2011இல் ஆர்த்தி ஹுரியா குழுவினர் 65 வயதைக் கடந்த 500 நோயாளிகளிடம் எளிய வினாக்களைக் கேட்டனர். கடந்த ஆறு மாதங்களில் விழுந்தீர்களா? காது நன்றாகக் கேட்கிறதா? பிறர் உதவியின்றி மாத்திரை உட்கொள்கிறீர்களா? இவ்விடைகள், ஆய்வக முடிவுகளோடும் சிகிச்சை விவரங்களோடும் சேர்ந்து, கடும் பக்கவிளைவு யாருக்கு நேரும் என்பதை முன்னுணர்த்தின. மருத்துவர்கள் இட்ட கர்னாஃப்ஸ்கி மதிப்பெண் உணர்த்தவில்லை. 2021இல் சுப்ரியா மொஹிலே குழுவினர், 70 வயதைக் கடந்தோரின் முதியோர் மதிப்பீட்டு அறிக்கையை மருத்துவரிடம் அளித்தபோது, கடும் பக்கவிளைவு கண்டோர் 71 விழுக்காட்டிலிருந்து 51ஆகக் குறைந்திருப்பதைக் காட்டினர். உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இவ்வினாக்கள் இந்திய மொழிகளுக்குள் வரும்போது நேர்வது மொழியியலாளரின் கவனத்திற்குரியது. லாட்டன் அளவுகோலின் தொடக்க வடிவில் சமையலும் துணி வெளுத்தலும் ஆண்களுக்குக் கணக்கிடப்படவில்லை; அக்கால அமெரிக்கக் குடும்ப வழக்கம் மதிப்பெண்ணுக்குள்ளேயே அமர்ந்திருந்தது. நம் வீடுகளில் மருமகள் அடுக்களைப் பொறுப்பை ஏற்றபின் மூதாட்டி 'சமைப்பதில்லை' என்கிறார். அது 'இயலவில்லை' ஆகாது. படிவத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்தால், நல்ல உடல் தளர்ந்த உடலாகப் பதிவாகும்.

இச்சிக்கலுக்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி உண்டு. முதியோர் மதிப்பீட்டின் ஒரு கூறான நினைவாற்றல் சோதனையை, ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவற்ற மக்களுக்கேற்ப மாற்றி, 1995இல் இந்தி வடிவமாக வெளியிட்டனர். ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லுவதன் இடத்தில் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லும் பணி வந்தது. சொற்கள் மாறின, அளக்கவேண்டிய திறன் மாறவில்லை.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் முதியோர் புற்றுநோய்ச் சிறப்புப் பிரிவு 2018 முதல் இயங்குகிறது. இத்தகைய பிரிவுகள் பெருகுமுன், 'செய்கிறீர்களா?' என்பதன் அருகே 'தேவைப்பட்டால் செய்ய இயலுமா?' என்னும் வினாவும் ஒவ்வொரு மொழிப் படிவத்திலும் இடம்பெற வேண்டும். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் மதிப்பெண் அவ்விடையைப் பொறுத்திருக்கிறது.