பிராங்கன்ஸ்டைன் புதினத்தில் பூதத்தின் மொழி

ஆங்கிலப் புனைவியல் இலக்கியத்தில் இயற்கையிகந்த கூறுகள் தற்செயலாக இடம்பெற்றவை அல்ல. 1798இல் வெளிவந்த 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுதிக்கெனத் தாமும் வேர்ட்ஸ்வொர்த்தும் பணியைப் பகிர்ந்துகொண்ட முறையைக் கோல்ரிட்ஜ் 1817இல் வெளியான தம் நூலில் விளக்குகிறார். இயற்கையிகந்தவற்றை மனித உணர்வின் மெய்ம்மையோடு பாடுவது கோல்ரிட்ஜின் பங்கு. அன்றாடப் பொருள்களுக்குப் புதுமையின் பொலிவூட்டுவது வேர்ட்ஸ்வொர்த்தின் பங்கு. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' இப்பங்கீட்டுக்குள் அடங்குவதன்று. அதில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. பூதம் மட்டும் உண்டு. அதுவும் மாணவன் ஒருவனின் ஆய்வறையில் பிறந்தது.

1816ஆம் ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் தங்கியிருந்த தியோதாத்தி மாளிகையில் இக்கதை கருக்கொண்டது. முந்திய ஆண்டு வெடித்த தம்போரா எரிமலையின் விளைவாக ஐரோப்பாவில் அக்கோடை குளிரும் மழையுமாகக் கழிந்தது. ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்துப் பொழுதுபோக்கியவர்கள், ஆளுக்கொரு கதை எழுத முற்பட்டனர். பதினெட்டு வயது மேரி எழுதத் தொடங்கிய கதை, 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரின்றி 500 படிகளாக அச்சேறியது.

இப்புதினத்தில் பெரிதும் நோக்கத்தக்கது பூதத்தின் பேச்சு. குடியானவர் குடிசையொன்றை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து அது மொழி கற்கிறது. நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்பனவே அது முதலில் அறிந்த சொற்கள். பின்னர் மில்டன், புளூட்டார்க், கதே ஆகியோரின் நூல்களைப் படிக்கிறது. முகம் தன்னை விலக்கினும் சொல் தன்னைச் சேர்க்கும் என்பது அதன் நம்பிக்கை. அக்குடிசையின் முதியவர் பார்வையற்றவர். அவர் மட்டுமே அதன் பேச்சைப் பரிவோடு கேட்கிறார். கண்ணுடைய பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் அடி விழுகிறது. பனியாற்றின்மேல் தன்னைப் படைத்தவனைச் சந்திக்கும்போதும் அது அவன் கண்களைத் தன் கைகளால் மறைக்கிறது. அவன் அக்கைகளைத் தட்டிவிடுகிறான். எனினும் கதையைக் கேட்கிறான், ஒருகணம் இரங்கவும் செய்கிறான். உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் வெறுப்பு மீள்கிறது. புதினத்தின் நடுப்பகுதி முழுவதையும் பூதத்தின் தன்கூற்றுக்கே ஆசிரியர் ஒதுக்கியிருப்பது இதனால்தான் எனலாம்.

இப்பேச்சு நெடுநாள் நிலைக்கவில்லை. 1823இல் பீக் என்பவர் இயற்றிய நாடகம் லண்டனில் அரங்கேறியபோது, பூதம் ஊமைப் பாத்திரமாயிற்று. நாடக அறிவிப்பில் அதன் பெயருக்கு நேரே வெறுங்கோடுகளே இருந்தன. அதனைக் கண்ட மேரி, பெயரற்றதைக் குறிக்கும் அம்முறையைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்; ஊமையாக்கியதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. அந்நாடகத்தின் வரவேற்பை ஒட்டி அதே ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அவர் பெயர் அச்சில் இடம்பெற்றது. படைப்பாளி பெயர் பெற்ற ஆண்டில் பூதம் வாயிழந்தது.

1931இல் வெளியான ஹாலிவுட் திரைப்படத்தில் போரிஸ் கார்லாஃப் ஏற்ற பாத்திரம் உறுமியதேயன்றிப் பேசவில்லை. படைத்தவனின் பெயரே பூதத்தின் பெயராக மக்கள் வழக்கில் வேரூன்றியதில் இத்தகைய காட்சி வடிவங்களுக்குப் பங்குண்டு. 1935இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் அதற்குச் சில சொற்கள் மீண்டும் கிடைத்தன. காட்டுக் குடிசையில் ரொட்டியைக் காட்டி அச்சொல்லைக் கற்பிப்பவர், அங்கும் பார்வையற்ற ஒரு முதியவரே.