வகைப்பெயரும் வாசகரும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் தமிழின் முதல் புதினத்தை வெளியிட்டபோது, அவ்விலக்கிய வகைக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. நூல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எனத் தலைப்புப் பெற்றது. அவருக்குப் பின் எழுதிய பி. ஆர். ராஜமய்யரும் அ. மாதவையாவும் 'கமலாம்பாள் சரித்திரம்', 'பத்மாவதி சரித்திரம்' என்றே பெயரிட்டனர். தாம் முன்னரே அறிந்த சொல்லொன்றின் வழியாக வாசகர் புதிய வடிவத்தை அணுகினர்.

காலப்போக்கில் வகைப்படுத்தும் பொறுப்பு பிறர் கைக்குச் சென்றது. டூயி நூலகப் பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அவ்வெண்ணை நூலுக்கு இடுபவர் நூலகரேயன்றி ஆசிரியர் அல்லர்.

2016இல் அமேசானின் கிண்டில் தமிழ் மின்னூல்களுக்கு இடமளித்தபின், அப்பொறுப்பு எழுதியவரிடமே மீண்டது. தம் நூலைத் தாமே பதிப்பிப்பவர் இன்று அங்கு மூன்று வகைகள் வரை தெரிவு செய்யலாம். விற்பனைத் தரவரிசை வகைதோறும் தனித்தனியே அமைவதால், நூல்கள் மலிந்த வகையில் கண்ணிற்படாத நூல், போட்டி குறைந்த வகையில் முன்னிற்கும். இவ்வாய்ப்பைக் கருதிப் பொருந்தா வகையைத் தெரிவு செய்தால் இழப்பு இரட்டிப்பாகும். காதல் கதை நாடி வந்தவர் வரலாற்று நூலைக் கண்டு ஏமாறுவர். வரலாறு நாடுவோர்க்கோ அந்நூல் தென்படாமலே போகும்.

ஆதலின், இலக்கிய வகைகளைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்பித்தல் போதாது. நாளை மின்னூல் வெளியிடவிருக்கும் மாணவர், தம் நூல் இன்னதென்று தாமே சொல்ல வேண்டியவராவார்.