வயிற்றுக்குள் போன கை

திறந்த வயிற்றுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து நோயறிந்த அந்த விரல்களுக்கு இரங்கல் எழுத யாரும் முன்வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

வாழ்ந்த காலத்தில் அவை செய்த வேலை கொஞ்சமல்ல. கல்லீரலுக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாத கட்டியை விரல் கண்டுபிடித்துவிடும். கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும் தமனியை அதன் துடிப்பே காட்டிக்கொடுக்கும். நூலை எவ்வளவு இழுத்தால் முடிச்சு இறுகும், எவ்வளவு இழுத்தால் குடல் கிழியும் என்ற கணக்கு புத்தகத்தில் இருந்ததில்லை; விரலில் இருந்தது.

1985 செப்டம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கனில் எரிக் மூஹே, வயிற்றைத் திறக்காமல் குழாய் வழியே பித்தப்பையை எடுத்தார். சக மருத்துவர்கள் முதலில் ஏளனம் செய்தார்கள். 1987ல் லியோனில் பிலிப் மூரே கேமராவோடு அதையே செய்தார். பிறகு உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். எனக்கே தேவைப்பட்டாலும் சிறு துளை வழிச் சிகிச்சையைத்தான் கேட்பேன்.

ஆனால் இந்த முறையில் விரலுக்கும் சதைக்கும் நடுவே நீளக் கம்பி ஒன்று வந்து சேர்ந்தது. அது நுழையும் குழாயின் ரப்பர் வாயில் உரசுவதால், சதையின் இழுப்போடு ரப்பரின் இழுப்பும் கையில் கலந்தது. 2000ல் அமெரிக்க அனுமதி பெற்ற டா வின்சி ரோபோ மிச்சமிருந்த தொடு உணர்வையும் துண்டித்தது. மறு ஆண்டே ஜாக் மாரெஸ்கோ, ஜீயஸ் என்ற இன்னொரு ரோபோவை நியூயார்க்கிலிருந்து இயக்கி ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை எடுத்தார். கைக்கும் வயிற்றுக்கும் நடுவே அட்லாண்டிக்.

விரலின் வேலை கண்ணின் தலையில் விழுந்தது. சதை வெளிறினால் பிடி அதிகம். நூல் விறைத்தால் நிறுத்து. பழகாத கைகளில் நூல் அறுந்தது.

போன உணர்வை மீட்பது லேசில்லை. கருவியின் முனையே 5, 8 மில்லிமீட்டர்தான். அதில் பொருத்தும் உணரி, கிருமி நீக்கும் கொதிநீராவியில் வெந்தும் பிழைக்க வேண்டும். ரத்தக்குழாயைச் சுடும் மின்சாரத்தால் குழம்பாமல் இருக்க வேண்டும். தண்டில் மேலே வைத்தால் ரப்பரின் உராய்வும் கணக்கில் ஏறிவிடும். இதயத் துடிப்புக் கோளாறுக்குச் சூடு வைக்கும் கதீட்டரில் வழி பிறந்தது. 2014ல் அமெரிக்க அனுமதி பெற்ற டாக்டிகேத் என்ற கதீட்டரின் முனையில் மூன்று ஒளியிழைகள். முனை நசுங்கும்போது ஒளி மாறுவதை வைத்து, எத்தனை கிராம் அழுத்தம் என்று திரை சொல்லும்.

2024 மார்ச்சில் அனுமதி பெற்ற டா வின்சி 5, விசையை மருத்துவரின் கைப்பிடிக்கே திருப்பி அனுப்புகிறது. மனிதரிடம் பயன்படுத்துவதற்கு முந்தைய சோதனைகளில் திசுமேல் விழும் விசை 43 சதவீதம் வரை குறைந்ததாக அதைத் தயாரித்த நிறுவனம் சொல்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் திரும்பி வந்தது தள்ளலும் இழுப்பும் மட்டும். வழுவழுப்பு, இளஞ்சூடு இவை எதுவும் வரவில்லை. வந்ததும்கூட அதற்கென்று தனியாகச் செய்த கருவிகளை மாட்டினால்தான். மற்றவற்றை மாட்டினால் கை பழையபடி மரத்தே இருக்கும்.