வண்டியா, குழந்தையா? சிவகாசி வட்டாரச் சாலைகளும் பயணப் பாதுகாப்புச் சட்டமும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 194-பி என்ற பிரிவைச் சேர்த்தது. 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டாலோ குழந்தைக்கான காப்பிருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டுபவருக்கும் ஓட்ட அனுமதிப்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதம். தேவையான சட்டம்தான், ஆனால் காரில் போகும் குழந்தையே அதன் கண்ணுக்குத் தெரிகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் நின்றபடியும், ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராகவும் பிள்ளைகள் போவது அன்றாடக் காட்சி. சட்டம் வண்டியின் வகையைப் பார்த்து அல்ல, குழந்தையின் உடலைப் பார்த்துக் காப்பை வகுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வி இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1970களில் விடியுமுன்பே ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளை ஏற்றித் தீப்பெட்டி ஆபீசுகளில் இறக்கிய பேருந்துகள் இங்கே ஓடின. 1976இல் அப்படியொரு பேருந்து விபத்தில் பிள்ளைகள் மாண்டதையொட்டியே குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய ஹர்பன்ஸ் சிங் குழு அமைந்தது. பின்னர் எழுந்த விவாதமோ ஆலைக்குள் நடந்த உழைப்பையே சுற்றிவந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. ஆலை வாசலில் குழந்தையைத் தடுக்கச் சட்டம் கற்றுக்கொண்டது. வாசல்வரை வந்த சாலையை மறந்தது.

இன்றைய சட்டத்தில் இரு குறைகள் தெளிவு. முதலாவது, மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டினாலும் 194-பி நிறைவேறிவிடுகிறது. அந்தப் பெல்ட் சிறு உடலில் இடுப்பெலும்பிலும் தோளிலும் படியாமல் வயிற்றிலும் கழுத்திலும் விழும். மோதலில் அதுவே காயப்படுத்தும். இரண்டாவது, 194-ஏ பிரிவின்படி ஆட்டோவில் கூடுதலாக ஏற்றிய ஓர் ஆளுக்கு அபராதம் 200 ரூபாய்தான். இதே சாலையில் போகும் பட்டாசை எப்படிக் கட்டுவது, எப்படி ஏற்றுவது என்று 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் நுணுக்கமாகச் சொல்கின்றன. அந்த நுணுக்கம் நெருக்கியடித்துப் போகும் பிள்ளைக்கும் உரியது.

இவ்வட்டார வாழ்வுக்கு மிக அருகில் வருவது 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் உள்ள இருசக்கர வாகன விதி. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பாதுகாப்பு வாரால் பிணைக்க வேண்டும், 9 மாதம் முதல் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

கூலிக்குப் போகும் குடும்பத்தின் மீது மேலும் ஒரு செலவையும் அபராதத்தையும் சுமத்தலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு விடை விதியைத் தளர்த்துவதில் இல்லை, பொருளைக் கையில் கொடுப்பதில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்க்கு 16 பொருள்கள் அடங்கிய பெட்டகத்தை 2015இல் வழங்கத் தொடங்கிய மாநிலம் இது. தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. தலைக்கவச விதி தொடங்கும் வயதும் அதுவே. ஊசி போடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாரையும் தலைக்கவசத்தையும் கொடுத்து, கட்டும் முறையையும் செவிலியர் காட்டித் தரலாம். பிள்ளையை வண்டியில் வைத்து வந்த தாய் அதே வண்டியில் வாரைக் கட்டித் திரும்பட்டும். அபராதம் அதற்குப் பிறகு வரட்டும்.