ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள்



மேற்கு வங்காளத்தின் வடபகுதியில், வங்கதேச எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது கூச் பெஹார் மாவட்டம். டீஸ்டா, ஜல்தாகா, தோர்சா ஆகிய ஆறுகள் இமயமலைப் பகுதியிலிருந்து இறங்கி, இம்மாவட்டத்தைக் கடந்து வங்கதேசத்திற்குள் பாய்கின்றன. மன்னராட்சியில் இருந்த இச்சமஸ்தானம் 1949-இல் இந்தியாவுடன் இணைந்தது. 1950 ஜனவரி 1 முதல் மேற்கு வங்காளத்தின் மாவட்டமாயிற்று.

மன்னர் காலத்தில் சிதறிக் கிடந்த நிலத்துண்டுகள், தேசப் பிரிவினைக்குப்பின் அந்நிய நாட்டின் நடுவே தீவுகளாயின. இந்தியாவுக்குரிய 111 துண்டுகள் வங்கதேசத்திற்குள்ளும், வங்கதேசத்திற்குரிய 51 துண்டுகள் இந்தியாவுக்குள்ளும் இருந்தன. அவற்றில் வாழ்ந்த 50,000-க்கும் மேற்பட்டோரைச் சூழ்ந்திருந்த நாடு தன் குடிமக்களாக ஏற்கவில்லை. சொந்த நாட்டின் அதிகாரிகளோ அவர்களிடம் வந்து சேரவில்லை. வாக்குரிமை இல்லை, மின்சாரம் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எல்லைக்கு வெளியே உள்ள வேறொருவரைத் தகப்பன் என்று எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு.

1974-இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. ஆயினும் அது நிறைவேற 41 ஆண்டுகள் சென்றன. இந்திய அரசியலமைப்பின் நூறாவது திருத்தத்திற்குப்பின், 2015 ஜூலை 31 நள்ளிரவில் அந்நிலங்கள் கைமாறின. ஆற்றின் போக்கு மாறவில்லை. மனிதரின் பெயர்கள் மாத்திரம் பதிவேட்டில் ஏறின.

யோசுவாவின் புத்தகம் 22-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யோர்தானுக்குக் கிழக்கே குடியேறிய கோத்திரத்தாருக்கு ஓர் அச்சம் இருந்தது. நதியையே எல்லையாகக் காட்டி, கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று பிற்காலத்தில் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சினார்கள். ஆகவே, பலியிடுவதற்காக அன்றி, சாட்சிக்காக ஒரு பீடத்தைக் கட்டினார்கள். மேற்கே இருந்தவர்கள் முதலில் யுத்தத்திற்கு ஆயத்தமானார்கள். பின்பு பினெகாஸை அனுப்பி, அவர்கள் சொல்லைக் கேட்டார்கள். கேட்டபின் யுத்தம் ஒழிந்தது.

பிரியமானவர்களே, பிழைப்புக்காக நம் ஊருக்கு வந்து, ஆண்டுக்கணக்காய் நம்மோடு ஆராதித்தும், சபைப் பதிவேட்டில் இன்னும் பெயர் ஏறாத குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளையின் திருமணத்திற்கோ, பெற்றோரின் அடக்கத்திற்கோ நம்மிடம் வரும்போது, முதலில் நாம் கேட்பது சந்தா அட்டையை அல்லவா? அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். நம் திருச்சபைக்குள் இப்படிப்பட்ட தீவுகள் இருக்கலாகாது. இந்த வாரம் அவர்களில் ஒரு வீட்டுக்காவது சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்போம்.

கர்த்தர்தாமே நம்மை ஒரே குடும்பமாய்க் கட்டுவாராக. ஆமென்.