சக்கரத்துக்குள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

ராஜபாளையத்தில் என் மருமகனின் பிக்-அப் வண்டி, அவருடைய கால் ஆபரேஷனால் ஐப்பசி மழை தொடங்கி மூன்று மாதம் வாசலிலேயே நின்றது. கைப்பிரேக்கைப் போட்டே நிறுத்தியிருந்தார். தையில் கிளப்பியபோது பின்சக்கரம் 'டப்' என்ற சத்தத்தோடுதான் விடுபட்டது. ஓடுகிறதே என்று சும்மா இருந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரிவில் நிறுத்தினோம். கைப்பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னே பேரன் நின்றிருந்தான். மருமகன் காலால் அழுத்தி நிறுத்திவிட்டார். எனக்குக் கை நடுக்கம் அடங்கக் கால் மணி நேரமாயிற்று.

பட்டறைப் பையன் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினான். டிரம் அசையவில்லை. அதிலுள்ள இரண்டு மரைத் துளைகளில் போல்ட்டை முடுக்க முடுக்கத்தான் கழன்று வந்தது. உள்ளே செம்மண் போலத் துரு. ஷூவில் லைனிங் பெயர்ந்திருந்தது. கைப்பிரேக் லீவரும் அட்ஜஸ்டரும் இறுகிக் கிடந்தன. வீல் சிலிண்டரிலும் துரு.

"ஓடித் தேஞ்சதில்லய்யா, நின்னு கெட்டது" என்றான்.

இன்றைய டிரம் பிரேக்கின் வடிவத்தை 1902இல் கொடுத்தவர் லூயி ரெனோ என்பார்கள். டிரம்முக்குள் ஷூ விரிந்து பிடிப்பதால் சேறு எளிதில் படாது. ஆனால் உள்ளே போன ஈரம் சுலபத்தில் வெளியேறாது! மற்றவர் பாஸ்கல். அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற அவருடைய நூல், அவர் இறந்த மறுவருடம், 1663இல் வெளிவந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சில் அதை மனப்பாடம் செய்தேனே தவிர, எதற்கென்று தெரியாது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் அதை பிரேக்குக்குக் கொண்டுவந்தார். 1921இன் டூசன்பர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் அதுதான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாற்றாமல் விட்டால் சிலிண்டர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

வேலை முடிவதற்குள் ஆண்டாள் தேரைப் பார்த்து வந்தேன். ஆடிப்பூரத்துக்கு ஓடும் அந்தப் பெரிய தேர், மரச்சக்கர காலத்தில் நிலைக்குத் திரும்பப் பல நாள் ஆகுமாம். இப்போது இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். ஆனாலும் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போடும் ஆட்கள் சக்கரத்தோடு கூடவே நடக்கிறார்கள். அலுவலகத்தில் 'முட்டுக்கட்டை' என்று ஃபைல்களைத் தடுப்பவரைத் திட்டுவோம். தேருக்கு அது உயிர் காக்கும் கட்டை.

திரும்பியபோது டிரம்மைத் தேய்த்து, புது ஷூ, புது சிலிண்டர் போட்டு ஏர் எடுத்துக்கொண்டிருந்தான். அதே சரிவில் நிறுத்திப் பார்த்தோம். வண்டி அசையவில்லை. பேரனை மட்டும் என் பக்கத்திலேயே பிடித்து வைத்திருந்தேன்.