மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவரின் மனப்பாரம்

மிஷன் ஆஸ்பத்திரிகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால் கட்டடங்களுக்கும் படுக்கைகளுக்கும் கணக்கு இருக்கும். எக்ஸ்ரே கருவி வந்த ஆண்டு, நர்சிங் பள்ளி தொடங்கிய ஆண்டு, அடிக்கல் நாட்டியவர் பெயர் எல்லாம் இருக்கும். அந்த மருத்துவர்கள் இரவில் தூங்கினார்களா, பிரசவத்தில் ஒரு தாயை இழந்த அன்று யாரிடம் போய் அழுதார்கள், சொந்தப் பிள்ளையை அடக்கம் செய்த பிறகு எப்படி நோயாளிகளைப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு பத்தி இருக்காது. தியாகக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஊழியர்களின் மனநலம் பற்றிச் சபைகள் இன்று பேசத் தொடங்கியிருக்கின்றன. அந்தப் பேச்சுக்கு உதவ, நம் மண்ணிலேயே இருநூறு ஆண்டு அனுபவம் கிடக்கிறது.

1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட மருத்துவர் ஜான் ஸ்கடரும் அவர் மனைவி ஹாரியட்டும் தங்கள் முதல் மகளைக் கல்கத்தாவில் அடக்கம் செய்துவிட்டே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்கள் பணிபுரிந்த பண்டத்தரிப்பிலும் துக்கம் அவர்களை விடவில்லை. அவருக்குப் பின் 1847இல் வந்த சாமுவேல் கிறீன், பத்தாண்டு உழைப்பில் உடல் தளர்ந்து தாயகம் திரும்பி, 1862இல் மறுபடி வந்தார். மானிப்பாயில் யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு அவர் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்ததைப் பலர் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: ஒருவர் தோளில் இருந்த பாரம் பலர் தோளுக்கு மாறியது.

மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. காலராவும் காய்ச்சலும் மிஷனரிக் குடும்பங்களை வாரிக்கொண்டு போயின. இளைப்பாற ஓர் இடம் தேடிச் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகள் எழும்பின. சாலை வருவதற்கு வெகு காலம் முன்பே டோலியிலும் குதிரையிலும் குடும்பங்கள் மலையேறின. கோடை விடுமுறை மெல்ல மெல்ல மிஷன் நடைமுறையாகவே ஆகிவிட்டது. 1901இல் பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு பள்ளியும் வந்தது. ஓய்வு தனிமனிதரின் பலவீனமாகப் பார்க்கப்படாமல் வேலையின் ஒரு பகுதியாக ஆனதுதான் கோடைக்கானலின் பெரிய நன்மை. ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மே மாத வெயிலில் ஆஸ்பத்திரியைக் காத்துக்கொண்டு சமவெளியில் இருந்த கம்பவுண்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இந்திய மருத்துவர்களுக்கும் மலை வீடு கட்டித்தர யாரும் நினைக்கவில்லை. அந்த அநீதியைச் சொல்லாமல் கோடைக்கானலைப் புகழக் கூடாது.

ஐடா ஸ்கடர் மருத்துவப் பட்டத்தோடு 1900 தொடக்கத்தில் வேலூர் வந்தார். தந்தையிடம் அருகிருந்து பழகிக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார். அதே ஆண்டு மே மாதம் தந்தை இறந்துபோனார். புதிதாகப் படித்து வந்த பெண் மருத்துவரை ஊர் நம்பத் தயங்கிய நாள்கள் அவை. அப்போது அவருடன் வந்திருந்த தோழி ஆனி ஹான்காக் இருந்தார். பின்னாளில் கெர்ட்ரூட் டாட் வந்து, சாகும்வரை அவரோடேயே வாழ்ந்தார். கோடைக்கானலில் 'ஹில்டாப்' என்ற வீடும் ஐடாவுக்கு இருந்தது. 1960இல் அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான். ஐடாவின் மன உறுதியைப் பேசுகிற நாம் அந்தத் தோழியரையும் அந்த வீட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

துணையை ஊழியத்தின் அமைப்பாகவே ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர்கள் ஏசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் மணம் செய்துகொள்ளாமல் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தது. இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று ஞாயிறுதோறும் படிக்கிறோம். பிறகு இருபத்தைந்து வயது மருத்துவரை ஒற்றை ஆளாக ஒரு மலைக்காட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறோம்.

ஹோவர்ட் சோமர்வெல் நெய்யூருக்கு வரும் முன்பே மனத்தில் இரண்டு காயங்களைச் சுமந்தவர். 1916இல் சோம் போர்க்களத்தில், கணக்கற்ற காயம்பட்டோருக்கு நடுவே கத்தி பிடித்த இளம் அறுவை மருத்துவர் அவர். 1922இல் எவரெஸ்ட்டில் அவரோடு ஏறிய சுமைதூக்கிகளில் ஏழு பேர் பனிச்சரிவில் மாண்டார்கள்; அவர் பிழைத்தார். தாம் உயிரோடு இருக்க அவர்கள் போனதை அவரால் எளிதில் ஏற்க முடியவில்லை. அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தபோது, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த கூட்டத்தையும் ஓய்ந்துபோன ஒரே அறுவை மருத்துவரையும் கண்டார்; அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். நெய்யூரிலிருந்தபடியே 1924இல் மறுபடி எவரெஸ்ட் போனார். மலைகளை ஓவியமாகத் தீட்டினார், இசையில் தோய்ந்தார். இன்றைய ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் சிலவற்றுக்கு இவை நேர விரயமாகத் தோன்றும். பல்லாண்டுகள் அங்கே அவரை நிற்க வைத்ததில் தூரிகைக்கும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

பயம் எப்படித் தனிமையில் வளர்கிறது என்பதற்குப் பால் பிராண்டின் ஓர் இரவு சாட்சி. கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கியவர். நீண்ட பயணத்துக்குப் பின் லண்டனில் ஓர் இரவு, காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததை உணர்ந்தார். ஊசியால் குத்தினார். ரத்தம் துளிர்த்தது, வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டதென்றே எண்ணினார். மனைவி மக்களைப் பிரிந்து வாழ வேண்டும், பயமில்லை என்று தாம் தைரியம் சொல்லிச் சேர்த்த ஊழியர்கள் கலைந்துபோவார்கள் என்றெல்லாம் நினைத்தபடி விடியும்வரை கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார், சுரீரென்று வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். நோய்க்கூறுகளை உலகுக்கே கற்பித்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கும் அன்றிரவு தட்டி எழுப்பிப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது.

இன்றைய மிஷன் மருத்துவர் பெரும்பாலும் நம் பிள்ளை. படிப்பு முடிந்ததும் சேவை ஒப்பந்தப்படி ஜார்க்கண்டுக்கோ சத்தீஸ்கருக்கோ போகிறார். ரத்தம் கிடைக்காததால் ஒரு தாய் இறப்பதைப் பார்க்கிறார். பணமில்லாத குடும்பத்தை மேல்சிகிச்சைக்கு அனுப்புவதா, கையில் இருப்பதை வைத்துத் தாமே துணிவதா என்று நள்ளிரவில் தனியே முடிவெடுக்கிறார். ஊருக்கு எழுதும் ஜெபக் கடிதத்திலோ சாட்சி மட்டுமே இடம்பெறும். எழுதாமல் விட்டவை உள்ளே தங்கிக் கோபமாகவும் தூக்கமின்மையாகவும் வெளிவருகின்றன. "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், தம்பி" என்று சொல்பவர்கள் எலியாவை மறந்துவிடுகிறார்கள். சாவைக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்தவருக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும். பின்பு தூங்கவும் விட்டான்.

லக்னோவில் ஸ்டான்லி ஜோன்ஸ் மிஷனரியாகி எட்டு ஆண்டுகளுக்குள் நரம்புத் தளர்ச்சியில் சரிந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. அதே நகரில் 1950இல் நூர் மன்சில் என்ற மனநல மையத்தை நிறுவினார். வேலூரின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிறார்கள். யாரும் தனியாகக் குணமாவதில்லை என்ற அந்த அறிவு மருத்துவருக்கும் பொருந்தும்.

ஆகவே ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுக்களுக்குச் சில வேண்டுகோள்கள். சிறிய ஆஸ்பத்திரிக்கும் இரண்டு மருத்துவர்களையாவது அனுப்புங்கள். சாவு நேர்ந்தால் குற்றம் தேடாமல் அதைப் பற்றிக் கூடிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மனநல ஆலோசகர் நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவராகவும், கேட்டதைக் குழுவுக்குச் சொல்லாதவராகவும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, லீவு என்றால் பதில் மருத்துவர் வந்து சேர வேண்டும். அவர் வராவிட்டால் லீவு காகிதத்தில்தான் இருக்கும். அந்தப் பதில் மருத்துவரின் ஒரு மாதச் சம்பளத்தை ஊழியரை அனுப்பிய சபையே ஏற்கலாம். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை இந்த ஆண்டே இதற்கென ஒதுக்கலாம்.